மீசைக் கம்பும் இரண்டு விசிலும்

ஜனவரி 8, லங்காவி

மீசைக் கம்பு வந்து சேர்ந்தது.

நான்கு மீட்டர் அலுமினியக் குழாய். உள்ளே இன்னொரு குழாய் இருக்கிறது. இழுத்தால் ஆறு மீட்டர் வரை நீளும். இரண்டு முனையிலும் நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் வைத்த கொக்கி. படகுச் சாமான் கடைக்காரர் அதை ‘விஸ்கர் போல்’ என்றார். ஹில்டாவுக்காக மொழிபெயர்த்தேன்.

“யாரு மீசை? பூனை மீசையா, உங்க மீசையா?” என்றாள்.

என் மீசை நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி இந்த டைரியில் விவாதிக்க விரும்பவில்லை.

விஷயம் இதுதான். காற்று பின்னாலிருந்து வரும்போது பெரிய பாய் அதையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். முன்பாய்க்கு மிச்சம் மீதிதான். அது தொங்கும், திடீரென்று உப்பும், படாரென்று அடிக்கும், மறுபடி தொங்கும். கம்பின் ஒரு முனையைப் பாய்மரத்தில் மாட்டி, மறுமுனையால் முன்பாயின் மூலையை வெளியே தள்ளிப் பிடித்தால் பாய் விரிந்தபடி நிற்கும். துணிக்கொடி தொய்யாமல் இருக்கக் கவைக்கம்பு முட்டுக் கொடுக்கிறோமே, அந்த வேலைதான்.

இந்த டைரி வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்காக: என் பெயர் பெர்க்மான்ஸ், தூத்துக்குடி, வயது 63. முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து தலைமை எஞ்சினியராக ஓய்வு பெற்றவன். மனைவி ஹில்டா, 60, பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். படகு முப்பத்தாறு அடி. ஒரு சுவீடன்காரரிடம் வாங்கியது. அவருடைய அம்மா பெயரான ‘லோட்டா’தான் படகின் பெயர். பெயரை மாற்றுவது கடலில் நல்லதில்லை என்பார்கள், அதனால் விட்டுவிட்டேன். ஹில்டா அவள் அக்காவிடம் போனில் சொல்கிறாள்: “ஊருல எல்லாரும் ரிட்டயர் ஆனா வீடு கட்டுதாவ. எங்க வீட்டுக்காரவுக லோட்டா வாங்கிருக்காவ.”

எஞ்சின்: நலம். பேட்டரி: நலம். கோளாறு: இல்லை.

ஜனவரி 10

ஒப்பந்தம் எழுதினோம். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன மாதம் ஒத்திகையாகப் பினாங்கு வரை போய்வந்தோம். போகும்போது நான் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கிறேன். ஹில்டாவும் பேசினாள். திரும்பி வந்தபோது பக்கத்துப் படகுக்காரர்கள் எங்களைப் பார்த்து அனுதாபமாகச் சிரித்தார்கள்.

ரூலோஃப் என்று ஒரு டச்சுக்காரர் லோட்டாவைப் பார்த்து ஆசைப்பட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசி வரை இலங்கையில், காலித் துறைமுகத்தில், நண்பர் படகில் தங்கியிருப்பார். நாங்கள் போகிற வழியும் அதுதான். காலி, அப்புறம் மாலத்தீவு, அப்புறம் கொச்சி. இங்கிருந்து காலிக்குப் பதினோரு நாள், பாதிக்கு மேல் காற்று முதுகில்.

ஒப்பந்தம் ஹில்டாவின் வாசகம், என் கையெழுத்து:

‘காலி போய்ச் சேருவதற்குள் மீசைக் கம்பை நாங்கள் இருவர் மட்டும், ஒருவர் மேல் ஒருவர் கத்தாமல், ஏற்றி இறக்க வேண்டும். முடியவில்லை என்றால் லோட்டா ரூலோஃபுக்கு. முடிந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை ஹில்டாவுக்கு.’

கடைசி வரி எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன்.

ஹில்டாவின் அக்கா போனில் “எப்பம் காலி ஆகுதிய?” என்று கேட்டார். ஊர்ப் பெயர் அப்படி, என்ன செய்ய.

ஜனவரி 11

பாய்மரத்தின் முன்பக்கம் கம்பை மாட்டுவதற்கான வளையத்தைப் பொருத்தினோம். பென்சிலால் உயரத்தைக் குறித்தேன். என் நெஞ்சுக்கு நேர் உயரம். அதுதான் சரியான உயரம்.

“எனக்குக் கழுத்து வரைக்கும் வருதே” என்றாள் ஹில்டா.

“நீ ஏன் அங்க வாற? முன்னால போறது என் வேல. நீ பின்னால உக்காந்து கயிறப் பிடி.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம், ஆகவே இங்கே பதிகிறேன்.

துளையிடும் மெஷினை அவள் ஆசைப்பட்டுக் கேட்டதால் நான்கு துளைகளில் மூன்றை அவளையே போடவிட்டேன். நாலாவதையும் அவளே போட்டாள். நான் அந்த நேரம் கேபினுக்குள் திருகாணி தேடிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் தேதி ரப்பர் படகின் மோட்டாரைத் தூக்கியதில் வலது தோளில் சின்னப் பிடிப்பு. தைலம் தேய்த்தால் போய்விடும்.

கோளாறு: இல்லை.

ஜனவரி 14

பொங்கல். மண்ணெண்ணெய் அடுப்பில் சர்க்கரைப் பொங்கல். பக்கத்துப் படகுகள் ஆறுக்கும் கொடுத்தோம். பிரெஞ்சுக்காரி முந்திரிப்பருப்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். நாளை காலை புறப்பாடு.

ஜனவரி 15, கடலில்

புறப்பட்டோம். வாடைக்காற்று நன்றாக இருக்கிறது. படகு ஓடுகிறது. எனக்கு லேசாக வாயுத் தொல்லை.

ஜனவரி 16

வாயு.

ஜனவரி 17

வாயு சரியாகிவிட்டது. ஹில்டா அதை ‘கடல் மயக்கம்’ என்று அவள் அக்காவுக்குச் சேட்டிலைட் செய்தி அனுப்பியிருக்கிறாள். முப்பத்தொரு வருடம் கப்பலில் இருந்தவனுக்குக் கடல் மயக்கமா என்று கேட்டேன். “நீங்க இருந்தது கப்பலோட வயித்துக்குள்ள. கடல எங்க பாத்திய?” என்கிறாள். வயிற்றில் ஒன்றும் இல்லாதவனால் சண்டை போட முடியாது.

ஜனவரி 18

சுமத்ராவின் வடமுனையைத் தாண்டிவிட்டோம். காலையிலிருந்து காற்று கொண்டலாக, அதாவது கீழ்க்காற்றாக, மாறி நேர் பின்னாலிருந்து வருகிறது. முன்பாய் நான் சொன்னபடியே தொங்கி, உப்பி, படாரென்று அடித்து உயிரை வாங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் படகு உலுக்குகிறது, தட்டுகள் சரிகின்றன. இப்படி இன்னும் எட்டு நாள் என்றால் பாய் கிழியும். எஞ்சின் போட்டுப் போக டீசலும் கிடையாது, தொட்டியில் இருப்பது துறைமுகத்துக்குள் நுழையத்தான் காணும்.

பத்து மணிக்குக் கம்பை ஏற்ற முயன்றோம். கம்பைத் தூக்கும் கயிறு நழுவியது. கம்பு விழுந்தது. பக்கவாட்டுக் கம்பித்தூண் ஒன்று வளைந்தது. மேல்தளத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பள்ளம். யாருக்கும் அடியில்லை.

முயற்சி ஒத்திவைப்பு. முன்பாயைச் சுருட்டிவிட்டோம். பெரிய பாய் மட்டும். வேகம் மணிக்கு மூன்று கடல் மைல். பேச்சு: இல்லை.

கோளாறு: கம்பித்தூண்.

ஜனவரி 19

பேசவில்லை.

மதியம் பேசினோம். பேசாமலேயே இருந்திருக்கலாம்.

டைரியில் பொய் எழுதக் கூடாது, ஆகவே நேற்று நடந்ததை முழுசாக எழுதுகிறேன். கயிறு தானாக நழுவவில்லை. நான் முன்தளத்தில் நின்று கம்பை மார்போடு அணைத்து மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். பாய் என் முகத்துக்கு முன்னால் பேய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கம்பைத் தூக்கும் கயிறு பின்னால் ஹில்டா கையில். பாதி தூக்கும்போது என் வலது கை ஒரு நிமிடம் நின்றது. வலியினால் அல்ல, பிடி சரியில்லை. ஹில்டா பின்னாலிருந்து கத்தினாள்:

“கை வலிக்குதா? நான் அங்க வரட்டா?”

“விடு! விடு!” என்றேன்.

விட்டுவிட்டாள்.

இன்று மதியம் இதை விசாரித்தோம்.

“நான் பேச்ச விடுன்னு சொன்னேன். கயிற விடுன்னா சொன்னேன்?”

“கயிறப் பிடிச்சிட்டு நிக்கவகிட்ட விடுன்னா எத விடுவா? பினாங்குக்குப் போகும்போது பாய் கயிற தளத்தச் சொல்ல என்ன சொன்னிய? விடு. நங்கூரத்த எறக்கச் சொல்ல என்ன சொன்னிய? விடு. நேத்து மட்டும் விடுன்னா விடாதன்னு எடுத்துக்கணுமா?”

“அது சொல்ற தொனியில தெரியணும்ட்டி.”

“அந்தப் பாய் போட்ட சத்தத்துல தொனியாம் தொனி! கம்பு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா உங்க கால நான் எந்தக் கடையில போயி வாங்க?”

கடைசியில் அவள் குரல் உடைந்தது. நான் எழுந்து முன்னால் போய், வளைந்த தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை. பயந்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் பயம்தான். காலி வந்ததும் ரூலோஃப் சிரித்துக்கொண்டு நிற்பார் என்ற நினைப்பு வேறு.

‘விடு’ என்ற சொல் இன்று முதல் இந்தப் படகில் தடை. இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம்.

ஜனவரி 20

காலை செபம். சிலுவை அடையாளம் போட்டேன். ஹில்டா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளா இது?”

“எது?”

“மத்தவங்களுக்குக் கை நெத்திக்குப் போகும். உங்களுக்கு நெத்தி கைக்கு வருது.”

நான் சற்றுக் குனிந்து செபிக்கிறேன், அது பக்தி என்று விளக்கினேன். அவள் என் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். தோள் உயரம் வந்ததும் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். படகு ஆடியதால் போட்ட சத்தம்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, “சுதந்திர தினத்துக்கு ஸ்கூல்ல கொடி ஏத்துவோம்லா, எப்படி ஏத்துவோம்?” என்றாள்.

“எப்படி?”

“கொடியப் பிரிச்சு ஆட்டிக்கிட்டேவா கம்பத்த நடுவோம்? முதல்ல கம்பம். மூணு பக்கமும் கயிறு கட்டி அசையாம நிக்கும். கொடியச் சுருட்டி மேல ஏத்திருப்போம். எல்லாம் ஆன பெறவு கீழ இருந்து ஒரு இழுப்பு. கொடி விரியும், பூ கொட்டும், பிள்ளைய கை தட்டும். நம்ம பாயும் சுருட்டுற பாய்தான? நீங்க பாய விரிச்சிப் போட்டு அது கூட மல்லுக்கட்டிட்டு கம்ப ஏத்துதிய.”

நான் எஞ்சினியர். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வரும் வழியில்தான் இருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

அடுத்து அவள் பையிலிருந்து இரண்டு விசில்களை எடுத்தாள். முப்பது வருடம் மைதானத்தில் ஊதியவை. ஒன்றை என் கழுத்தில் மாட்டினாள்.

“இனி வாயால பேச்சு கெடையாது. நம்ம ஊரு பஸ்ஸு கண்டக்டர் ஊதுறதுதான். ஒரு விசில்னா நிறுத்து. ரெண்டு விசில்னா போலாம், இழு. மூணுன்னா கயிறத் தளத்து.”

“முன்னால யாரு போறது?” என்றேன்.

அவள் என் தோளைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். காற்று நன்றாக இருக்கிறது, நாளை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

ஜனவரி 21

ஏறிவிட்டது!

முன்தளத்துக்கு ஹில்டா போனாள். அவள் ஆசைப்பட்டாள், தடுக்க மனம் வரவில்லை. காப்புப் பட்டை, உடம்பைப் படகோடு பிணைக்கும் கயிறு எல்லாம் நானே சரிபார்த்து மாட்டினேன். இடது கையால் மாட்ட நேரம் ஆயிற்று. பள்ளிக்கூடத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி, அறுபது வயதில் குனிந்து குனிந்து போகிறாள். அவளைப் பிணைத்த கயிற்றின் மேலேயே என் கண் இருந்தது.

பாய் சுருட்டியபடி அமைதியாக இருந்தது. கம்பின் வெளி முனைக் கொக்கியில் பாயின் கயிற்றை நுழைத்தாள். தூக்கும் கயிறு, முன்கயிறு, பின்கயிறு மூன்றையும் மாட்டினாள். உள்முனையைப் பாய்மர வளையத்தில் சொருகினாள். ‘டக்’ என்று சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு விசில். நான் சுழற்றியில், அதாவது கயிறு இறுக்கும் உருளையில், கயிற்றைச் சுற்றி இடது கையால் திருகினேன். கம்பு எழுந்தது. ஒரு விசில். நிறுத்தினேன். இரண்டு. இழுத்தேன். கம்பு வலப்பக்கம் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு, மூன்று கயிற்றில் அசையாமல் நின்றது. பாய் இல்லாத வெறும் கம்பம்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: “இப்பம் கொடிய இழுங்க.”

பாயின் கயிற்றை இழுத்தேன். சுருள் பிரிந்தது. முன்பாய் கம்பின் முனை வரை ஓடிப்போய் ஒரே ஒரு முறை உப்பி நின்றது. அடிக்கவில்லை. தொங்கவில்லை. இடப்பக்கம் பெரிய பாய், வலப்பக்கம் முன்பாய், நடுவில் லோட்டா. உலுக்கல் அப்படியே நின்றுபோயிற்று. வேகம் ஐந்தரை.

ஹில்டா கை தட்டினாள். பூதான் இல்லை. ஒரு வெங்காயத் தோலை என் தலையில் தூவினாள்.

நான் அழவில்லை. காற்றில் உப்பு இருந்தது.

ஒரு சின்னச் சந்தேகம். வளையம் நான் குறித்த இடத்தில் இல்லை. ஒரு சாண் கீழே இருக்கிறது. ஹில்டாவின் நெஞ்சுக்கு நேர் உயரம். டேப்பில் கோளாறு இருக்கலாம். ஊருக்குப் போனதும் புது டேப் வாங்க வேண்டும்.

ஜனவரி 22

இருவரும் ஆறு மணி நேரம் தூங்கினோம். தூண்டிலில் ஒரு சூரை மீன் விழுந்தது. புளிக்குழம்பு. ஹில்டா வெயிலில் காலை நீட்டிக்கொண்டு, கம்பைப் பார்த்து, “மீசை நல்லா முறுக்கா நிக்கி” என்றாள். என்னைச் சொன்னாளா கம்பைச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டுக்குமாக வைத்துக்கொண்டேன்.

கோளாறு: இல்லை.

ஜனவரி 23

ஏற்றிவிட்டோம், இறக்க வேண்டுமே. ஒப்பந்தத்தின் பாதி அதுதானே. அந்தப் பாதி இன்று தானாகவே தேடி வந்தது.

மதியம் மூன்று மணி. ஹில்டா உள்ளே பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று ஒரு மேகம், அடியில் கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருகிறது. ஐந்து நிமிடம்கூட இல்லை. வாய் திறந்து கத்தத்தான் போனேன். வாயில் விசில் இருந்தது. ஊதினேன்.

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். மேகத்தைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய் சுருட்டும் கயிற்றைப் பிடித்தாள். நான் பாயின் கயிற்றைத் தளர்த்த, அவள் சுருட்ட, இதுதான் முறை. கம்பைத் தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு நிற்கும், யாரும் முன்னால் போக வேண்டாம். மூன்று விசில் ஊதினாள். நான் தளர்த்தினேன். பாதி சுருண்டது. பிறகு என் கயிறு சிக்கிக்கொண்டது. இடது கையால் சுற்றியதில் கயிற்றின் மேல் கயிறு ஏறி, சுழற்றியில் இறுகிவிட்டது. காற்று வந்து அறைந்தது. படகு சாய்ந்து எழுந்தது. மழை. பாதிப் பாய் வெளியே படபடக்கிறது. அவள் இழுக்கிறாள், வரவில்லை.

இந்த மாதிரி இடத்தில் நான் என்னென்ன சொல்வேன் என்று என்னோடு கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வாயில் விசில் இருக்கும்போது திட்ட முடியாது. நீளமாக ஒரு விசில் ஊதினேன். அதற்குள் என்னென்ன வார்த்தைகள் இருந்தன என்பது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

ஹில்டா நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். சிக்கலைப் பார்த்தாள். என் பக்கம் தாவி வந்து, கயிற்றின் மிச்ச நுனியை அடுத்த சுழற்றிக்குக் கொண்டுபோய் எதிர்ப்பக்கமாகத் திருகினாள். ஏறிய கயிறு இறங்கியது. திரும்பிப் போனாள். மூன்று விசில். தளர்த்தினேன். பாய் முழுசாகச் சுருண்டது. வெறும் கம்பம் மழையில் நனைந்துகொண்டு, மூன்று கயிற்றில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு நிற்கும் கொடிக்கம்பம் மாதிரி தனியாக நின்றது.

இருபது நிமிடத்தில் மேகம் போய்விட்டது. ஹில்டா முன்னால் போய்க் கம்பை நிதானமாக இறக்கிக் கட்டிவிட்டு வந்தாள். பருப்பு அடிப்பிடித்திருந்தது.

“ஏத்தி எறக்கியாச்சு. கத்தல” என்றேன்.

“அந்த நீட்டு விசிலு கத்துனதுல சேருமா சேராதா?”

“விசில் எப்படி சேரும்? ஒப்பந்தத்துல விசிலப் பத்தி ஒண்ணுமில்ல.”

“காலி வரட்டும், சொல்லுதேன்.”

அடிப்பிடித்த பருப்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 25

நேற்றும் இன்றும் காற்றும் கம்பும் சரியாக இருந்தன. காலையில் ஏற்றுகிறோம், மேகம் வந்தால் சுருட்டுகிறோம். பேச்சே தேவைப்படவில்லை. விசிலுக்கு வெளியே நிறையப் பேசுகிறோம். முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் இருபத்திரண்டு வருடம் நான் கப்பலில்தான் இருந்திருக்கிறேன் என்று ஹில்டா கணக்குச் சொன்னாள். “உங்க கூட இத்தன நாளு சேந்தாப்ல இருந்தது இப்பந்தான்” என்றாள். அது புகாரா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

லோட்டாவை விற்க எனக்கு மனமில்லை. இதை எங்காவது எழுத வேண்டும், இங்கே எழுதுகிறேன். ஆனால் உரிமை அவளுக்கு. கையெழுத்துப் போட்டவன் நான்.

ஜனவரி 26, காலி

காலை பதினொரு மணிக்குக் கட்டினோம். குடியரசு தினம். படகின் பின்பக்கம் நம் கொடியைச் சுருட்டி ஏற்றி ஹில்டா ஒரே இழுப்பில் பிரித்தாள். இந்த முறை பூ இருந்தது, துறைமுக வாசலில் ஒரு அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார்.

ரூலோஃபிடமிருந்து செய்தி. நாளை பத்து மணிக்கு வருகிறார். படகின் பத்திரத் தாள்களை எடுத்து வைக்கச் சொன்னார்.

ஹில்டாவின் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஜனவரி 27

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. ஹில்டா கேபினில் பருப்பு டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் படியில் நின்று கேட்டேன்: “ரூலோஃப் வாராரு. என்ன சொல்லட்டும்?”

திரும்பாமலே சொன்னாள்: “படக விடுங்க.”

தடை செய்த சொல்லைத்தான் சொன்னாள்.

“விடணுமா?”

“பெறவு? கட்டிப் போடவா வாங்குனோம்?”

நான் மேலே வந்துவிட்டேன். நியாயம்தான். ஓட்டத் தெரியாதவன் கரையில் கட்டிப் போடுவதைவிட, தெரிந்தவன் கையில் போகட்டும். அந்த நீள விசிலைக் கத்தலில் சேர்த்துவிட்டாள். வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்து மேல்தளத்தைக் கழுவினேன். ஒரு ரூபாய்ப் பள்ளத்தைத் தனியாகக் கழுவினேன். கண்ணில் சோப்பு பட்டது. நிறையப் பட்டது. இதை எழுதும்போதும் கொஞ்சம் படுகிறது, ஆகவே ஒத்துக்கொள்கிறேன், அழுதேன்.

பத்து மணிக்கு ரூலோஃப் வந்தார். ஆறரை அடி மனிதர். எஞ்சினைப் பார்த்தார், பாராட்டினார். பாய்களைத் தடவினார். மீசைக் கம்பைக் காட்டினேன். கொடிக்கம்பம் முறையை விளக்கினேன். என் கண்டுபிடிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, என் மனைவியுடையது என்றேன். அவர் பாய்மர வளையத்துக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கிறீர்கள், உங்கள் உயரத்துக்கே இது தாழ்வாயிற்றே, யாருக்காக வைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டேப்பில் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஹில்டா கேபினிலிருந்து தலையை நீட்டினாள். கழுத்தில் விசில்.

“என் ஒசரம் அது” என்றாள் என்னிடம், தமிழில். “நீங்க குறிச்ச கோட்ட அழிச்சிட்டு நாந்தான் கீழ போட்டேன். கை தூக்க முடியாதவரு முன்னால போயி நிக்கவா போறிய? அன்னைக்கே தெரியும்.”

“அன்னைக்கா? பதினோராம் தேதியா?”

“உங்களுக்குச் சட்டப் பொத்தான் போட்டு விடுதவளுக்குத் தெரியாதா?”

நான் வளையத்தைப் பார்த்தேன். நான்கு துளைகள். நான்கும் அவள் போட்டவை. படகை விற்க நினைக்கிறவள் பாய்மரத்தில் தன் நெஞ்சு உயரத்துக்கு எதற்காகத் துளை போடுகிறாள்? இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாறு நாளும் ஒரு டச்சுக்காரரும் தேவைப்பட்டிருக்கிறது.

“பெறவு காலையில ஏன் படக விடச் சொன்ன?” என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள். ரூலோஃபைப் பார்த்தாள். அவளுக்கு மெல்லப் புரிந்தது. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அட ஆண்டவரே! கண்டக்டரு ‘வண்டிய விடு’ன்னா டிரைவரு வண்டிய வித்துட்டு வீட்டுக்கா போவாரு? ஓட்டுங்கன்னு சொன்னேன்யா! மாலத்தீவுக்கு விடுங்கன்னு சொன்னேன்!”

“அந்தச் சொல்லத்தான் தடை பண்ணிருக்கோமே!” என்றேன்.

“சரி” என்று எழுந்தாள். விசிலை வாயில் வைத்தாள். துறைமுகம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஊதினாள். ரெண்டு விசில்.

ரூலோஃபுக்கு அது புரியவில்லை. நான் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு காப்பி தரலாமா என்று கேட்டேன். மனிதர் நல்லவர், இரண்டு காப்பி குடித்தார்.

பிப்ரவரி 9, காலி

தோளுக்கு ஒரு டாக்டரைப் பார்த்தோம். மூன்று மாதம் பயிற்சி, பாரம் தூக்கக் கூடாது. சொன்னபடி செய்கிறேன். தினமும் காலையில் ஹில்டா விசில் ஊத, நான் கையைக் கேபின் சுவரில் ஏற்றி இறக்குகிறேன்.

காலை ஏழு மணி. மாலத்தீவுக்குப் புறப்பாடு. வாடை, வேகம் பதினைந்து. முன்தளத்தில்: ஹில்டா. சுழற்றியில்: நான்.

எஞ்சின்: நலம். பேட்டரி: நலம். கம்பு: நலம்.

கோளாறு: வலது தோள். வலிக்கிறது.